போர்க்கப்பலிலிருந்து கப்பற்றளத்திற்கு: வைஸ் அட்மிரல் கிருஷ்ணனின் வாழ்வு

மன்னார் நகரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் புகையிரதம் தோட்டவெளியையும் பேசாலையையும் கடந்து தலைமன்னாரில் நின்றுவிடுகின்றது. அதற்கு அப்பால் கடல். 1914ஆம் ஆண்டு முதல் இவ்விடத்திலேயே பயணிகள் கப்பலேறித் தனுஷ்கோடிக்குச் சென்றனர். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிய கப்பலும் 1980களில் யுத்தத்தோடு நின்றுபோனது. இறங்குதுறையில் நின்று பார்ப்போருக்கு அக்கரை வெகு தொலைவில் இல்லை என்றே தோன்றும். ஆயினும் இடையிலுள்ள மணல் திட்டைகளில் நீரின் ஆழம் பல இடங்களிற் சில மீற்றர்களே. வள்ளங்களும் மீன்பிடிப் படகுகளும் கடக்கலாம். பெருங் கப்பல்கள் கடக்க இயலாது.

இதனாலேயே பம்பாயிலிருந்தோ கராச்சியிலிருந்தோ வங்காள விரிகுடாவுக்குச் செல்லும் எந்தப் போர்க்கப்பலும் இலங்கைத் தீவைத் தெற்காகச் சுற்றியே செல்ல வேண்டியுள்ளது. 1971ஆம் ஆண்டில் அவ்வாறு இத்தீவைச் சுற்றிச் சென்றவற்றுள் இரண்டு வரலாற்றில் நிலைத்துவிட்டன. ஒன்று, இந்தியாவின் ஒரேயொரு விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த். மற்றையது, அதனைத் தேடி மூழ்கடிக்கும் பணியுடன் நவம்பர் மாத நடுப்பகுதியிற் கராச்சியை விட்டுப் புறப்பட்ட பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் காஸி. முன்னையதை மறைத்துவைத்து, பின்னையதைத் தவறான இடத்திற்கு வரவழைத்தவர் ஒரு தமிழர். நாகர்கோவிலிற் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன்.

அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தத் தந்திரத்துடன் தொடங்கி, அதனுடனேயே முடித்துவிடுகின்றனர். சீருடையைக் களைந்த பின்னர் அவர் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார் என்பது ஒரு வரியிற் கூறப்பட்டு மறக்கப்படுகின்றது. உண்மையில் அவரது வாழ்வின் அந்தக் கடைசி அத்தியாயமே இன்று பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் வாழும் மக்களுக்கு அதிகம் பொருளுடையது. அது ஏன் என்பதை விளங்கிக்கொள்வதற்கு அவரது வாழ்வைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பது அவசியமாகின்றது.

கிருஷ்ணன் பிறந்தது 1919ஆம் ஆண்டில். அக்காலத்தில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உட்பட்டிருந்தது. 1956இலேயே அது சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மூன்று கடல்களும் கூடும் குமரிமுனைக்கு அண்மையிலுள்ள ஊர் அது. ஆனால் கடற்கரையிற் பிறந்தவர் எல்லோரும் கடற்படை அதிகாரியாகிவிடக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. இந்தியக் கடற்படை அக்காலத்தில் மிகச் சிறியது. அதன் அதிகாரிகள் ஆங்கிலேயராகவே இருந்தனர். 1928ஆம் ஆண்டிலேயே முதன்முதலாக ஓர் இந்தியர் அதில் அதிகாரியாக்கப்பட்டார். மாலுமிகளோ பஞ்சாபிலிருந்தும் கொங்கணக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள். கப்பலில் அவர்கள் ஒரே தளத்திற் படுத்துறங்கினர். இந்த உண்மை பின்னர் முக்கியத்துவம் பெறுவதனால் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் றோயல் இந்தியக் கடற்படை சில ஆண்டுகளிற் பன்மடங்கு பெருகியது. இளம் அதிகாரியாக அதிற் பணியாற்றிய கிருஷ்ணனுக்கு இருபத்திரண்டாவது வயதிலேயே போர்க்களம் வாய்த்தது. 1941 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரிட்டனும் சோவியத் ஒன்றியமும் ஈரானுக்குட் படைகளை அனுப்பின. எண்ணெய் வயல்களும், ரஷ்யாவுக்குப் போர்த் தளபாடங்களை அனுப்பும் பாதையும் ஜேர்மனியின் கைக்குப் போய்விடக்கூடாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். பாரசீக வளைகுடாவில் நடைபெற்ற அந்நடவடிக்கையிற் காட்டிய துணிவுக்காகக் கிருஷ்ணனுக்குப் பிரிட்டிஷ் கடற்படையின் சிறப்புச் சேவைச் சிலுவை விருது வழங்கப்பட்டது. அடிமை நாட்டின் இளைஞர் ஒருவர், தன் நாட்டை ஆண்டோரின் போரில், மூன்றாவது ஒரு நாட்டின் கரையிற் பெற்ற விருது அது. அந்தத் தலைமுறை அதிகாரிகள் அனைவரது வாழ்விலும் இந்த முரண் இருந்தது.

அந்த முரண் 1946 பெப்ரவரியில் வெளிப்படையாகவே வெடித்தது. பம்பாயில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில், மோசமான உணவையும் அவமதிப்பையும் எதிர்த்து மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது கராச்சிக்கும் ஏனைய துறைமுகங்களுக்கும் பரவியது. வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் ஒரு முஸ்லிம். துணைத் தலைவர் ஒரு சீக்கியர். கப்பல்களிற் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் ஒன்றாகப் பறந்தன. ஆனால் அடுத்த ஆண்டே நாடு இரண்டாயிற்று. கப்பல்களும் மாலுமிகளும் பங்கிடப்பட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவுக்கும் எஞ்சியது பாகிஸ்தானுக்கும் என்றாயிற்று. ஒரே பள்ளியிற் கடலைக் கற்றவர்கள் இருவேறு கொடிகளின் கீழ் நின்றனர்.

சுதந்திர இந்தியாவில் கிருஷ்ணன் படிப்படியாக உயர்ந்தார். 1961 டிசெம்பரிற் போர்த்துக்கேயரிடமிருந்து கோவா, டையூ, டாமன் ஆகியவற்றை இந்தியா மீட்டபோது, டில்லி என்ற போர்க்கப்பலின் தளபதியாக அவர் டையூத் தீவின் முன் நின்றார். பின்னர் விக்ராந்தின் தளபதியாகவும் விளங்கினார்.

இக்கப்பல்களைப் பற்றி ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். டில்லி, நியூசிலாந்துக் கடற்படையில் அகிலீஸ் என்ற பெயரில் உலகப் போரிற் பங்கேற்ற கப்பல்; பழையதாக வாங்கப்பட்டது. விக்ராந்த், பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹெர்குலிஸ் என்ற பெயரிற் கட்டத் தொடங்கப்பட்டு, போர் முடிந்ததும் பாதியிற் கைவிடப்பட்ட கப்பல். 1957இல் இந்தியா அதனை வாங்கி, பெல்பாஸ்ட் நகரிற் கட்டி முடித்து 1961இற் சேவையிற் சேர்த்தது. கிருஷ்ணனின் வாழ்விற் பின்னர் முக்கிய இடம்பெறும் ராஜ்புத் என்ற கப்பல் ரொதர்ஹாம் என்ற பழைய பிரிட்டிஷ் நாசகாரி. அவருக்கு எதிரியாக வந்த காஸியோ அமெரிக்கக் கடற்படையில் டயப்லோ என்ற பெயரில் இருந்த நீர்மூழ்கி. இரு நாடுகளும் தம் உயிரைப் பணயம் வைத்த இக்கப்பல்கள் வேறு நாடுகளின் தளங்களிற் கட்டப்பட்டு, வேறு பெயரிற் கடலில் இறக்கப்பட்டவை. பெயரை மாற்றிக்கொள்வது எளிது. பழுது பார்ப்பது எளிதன்று.

அந்த உண்மை 1970 ஜூன் மாதம் இந்தியக் கடற்படையை உலுக்கியது. விக்ராந்தின் கொதிகலன்களிலுள்ள நீர்க் கலங்களில் நுண்ணிய பிளவுகள் காணப்பட்டன. அவற்றை ஒட்டவைத்துச் சீராக்க இயலவில்லை. மாற்றுக் கலங்கள் இந்தியாவிற் கிடைக்கவில்லை; பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நாட்டின் ஒரேயொரு விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்திற் கட்டுண்டு கிடந்தது.

இதே வேளையிற் கிழக்குப் பாகிஸ்தானில் நிலைமை முற்றியது. 1970 டிசெம்பர்த் தேர்தலில் வங்காளிகள் அளித்த தீர்ப்பை இஸ்லாமாபாத் ஏற்கவில்லை. 1971 மார்ச் 25ஆம் திகதி இரவு டாக்காவில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். மார்க்கம் ஒன்றாயிருந்தும் மொழியும் உரிமையும் மதிக்கப்படாத இடத்தில் ஒற்றுமை நிலைக்காது என்பதை அவ்வாண்டு உலகுக்கு எடுத்துக்காட்டியது. கொல்லப்பட்டவருள்ளும் முஸ்லிம்கள் இருந்தனர், கொன்றவரும் முஸ்லிம்கள். இலங்கையும் அந்நிகழ்வுகளுக்கு முற்றிலும் புறம்பாக இருக்கவில்லை. தன் வான்பரப்பின் ஊடாகப் பாகிஸ்தான் விமானங்கள் பறப்பதை அவ்வாண்டு பெப்ரவரியில் இந்தியா தடை செய்தபின், அவை கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக் கிழக்கு நோக்கிச் சென்றன.

அந்த ஆண்டிற் கிருஷ்ணன் விசாகப்பட்டினத்திலிருந்த கிழக்குக் கடற்படைக் கட்டளைப் பீடத்தின் தளபதியாக இருந்தார். விக்ராந்தைக் கொதிகலன் அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த வேகத்திலாவது இயக்கிப் போரில் ஈடுபடுத்துவது என்று கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தா முடிவு செய்தார். வேகம் இங்கு வெறும் வசதி அன்று. காற்றை எதிர்த்து விரைந்து ஓடும்போதே விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து விமானங்கள் மேலெழ முடியும். வேகம் குறைந்த கப்பல் நீர்மூழ்கிக்கு இலகுவான இரையும் ஆகும். ஆகவே, வங்காள விரிகுடாவிற்கு வந்து சேர்ந்த விக்ராந்தைப் போர் தொடங்கும்வரை எங்கே வைத்திருப்பது என்பதே கிருஷ்ணனின் முதற் கவலையாயிற்று.

கராச்சியிலிருந்து அவ்வளவு தூரம் வந்து திரும்பக்கூடிய ஒரே பாகிஸ்தானிய நீர்மூழ்கி காஸி. அது வருமென்று கிருஷ்ணன் எதிர்பார்த்தார். விக்ராந்த் இரகசியமாக அந்தமான் தீவுகளில் ஒதுக்குப்புறமான ஒரு குடாவுக்கு அனுப்பப்பட்டது. விசாகப்பட்டினத்திலோ அக்கப்பல் அங்கேதான் நிற்கின்றது என்ற தோற்றம் உருவாக்கப்பட்டது. பழைய ராஜ்புத் கப்பல் துறைமுகத்திற்கு வெளியே சென்று, பெருங் கப்பல் ஒன்று அனுப்பக்கூடிய அளவில் வானொலிச் செய்திகளை அனுப்பியது. பெருந்தொகை மாலுமிகளுக்குத் தேவையான இறைச்சியும் மரக்கறியும் நகரச் சந்தையிற் கட்டளையிடப்பட்டன. சந்தையில் ஒற்றர்களின் காதுகள் இருக்கும் என்பது அவரது கணிப்பு. விக்ராந்தின் மாலுமி ஒருவர் தன் தாயின் சுகத்தை விசாரிப்பதுபோன்ற தந்தியும் சாதாரண வழியில் அனுப்பப்பட்டது. கடற்போரின் மிகப் பெரிய ஏமாற்று ஒன்று மரக்கறிக் கணக்கினாலும் குடும்பத் தந்தியினாலும் கட்டப்பட்டது என்பது வியப்புக்குரியதே.

காஸி விசாகப்பட்டினத்திற்கு வந்தது. டிசெம்பர் 3ஆம் திகதி மாலை போர் வெளிப்படையாகத் தொடங்கியது. அன்று நள்ளிரவையொட்டித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ராஜ்புத், நீருக்கடியில் ஏதோ அசைவதாகச் சந்தேகித்து ஆழ்கடல் வெடிகுண்டுகளை வீசியது. பெரும் வெடிப்பொன்றின் அதிர்வு கரையில் உணரப்பட்டது. மறுநாட் கடலுக்குச் சென்ற மீனவர்கள் உயிர்காப்பு அங்கி உள்ளிட்ட பொருட்களைக் கரைக்குக் கொண்டுவந்தனர். நீர்மூழ்கி வீரர்கள் இறங்கிப் பார்த்தபோது காஸி கடலடியிற் கிடந்தது. அதிலிருந்த 93 பேரும் மாண்டனர்.

காஸி எவ்வாறு மூழ்கியது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ராஜ்புத்தின் குண்டுகளே காரணம் என இந்தியத் தரப்பு அறிவித்தது. தாம் விதைத்த கண்ணிவெடியிலேயே அது சிக்கியது, அல்லது உள்ளே நேர்ந்த வெடிப்பினால் அழிந்தது எனப் பாகிஸ்தான் தரப்புக் கூறுகின்றது. இந்திய அதிகாரிகள் சிலரும் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்கவில்லை. எவ்வாறாயினும், காஸியை அந்த இடத்திற்கு வரவழைத்தது கிருஷ்ணனின் திட்டமே என்பதிற் கருத்து வேறுபாடில்லை. அந்த 93 பேரும் தம் நாட்டுக்காகக் கட்டளையை ஏற்று, திரும்பி வருவதற்கு வாய்ப்புக் குறைவு என்று அறிந்தும் வந்தவர்கள். ஐந்து நாட்களின் பின் டிசெம்பர் 9ஆம் திகதி, டையூவுக்கு அப்பால் ஹங்கோர் என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கி, இந்தியாவின் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. அதில் இந்தியத் தரப்பில் 194 பேர் மாண்டனர். கடல் இரு தரப்பினரையும் ஒரேவிதமாகவே ஏற்றுக்கொண்டது.

காஸியின் அச்சம் நீங்கியதும் விக்ராந்த் வங்காள விரிகுடாவின் வடபகுதியிற் சுதந்திரமாகச் செயற்பட்டது. அதிலிருந்து எழுந்த விமானங்கள் கொக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கிழக்குப் பாகிஸ்தானின் கடல்வழி அடைக்கப்பட்டது. அங்கிருந்த படைகளுக்கு உதவி வரவும் வழியில்லை. அவை தப்பிச் செல்லவும் வழியில்லை.

கிருஷ்ணனின் கட்டளைப் பீடம் எல்லாவற்றிலும் வெற்றி பெற்றதெனக் கூறுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். போரின் கடைசி நாட்களிற் கொக்ஸ் பஜாருக்கு அண்மையில் கூர்க்காப் படையினரைக் கப்பலிலிருந்து நேரே கரையில் இறக்கும் முயற்சி அவசரமாக மேற்கொள்ளப்பட்டது. இறங்கிய வீரர்களுக்குக் கடலிற் பயிற்சியில்லை. கரையின் அடித்தளம் எங்கே சரிகின்றது, எங்கே பள்ளம் விழுகின்றது என்பதும் சரிவர அறியப்படவில்லை. ஆழமற்றது என நம்பி இறங்கியோர் பள்ளத்தில் அகப்பட்டனர். சிலர் மூழ்கி உயிரிழந்தனர். நடவடிக்கை பயனற்றுப்போனது. தன் கரையின் மணல் எந்த மாதத்தில் எங்கே திரளும் என்பதை ஒரு மன்னார் மீனவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அத்தகைய அறிவைக் கேட்டறியாமற் கரையிறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அது ஒரு பாடம்.

1971 டிசெம்பர் 16ஆம் திகதி டாக்கா மைதானத்தில் லெப்டினன்ட் ஜெனரல் நியாஸி சரணடைவு ஆவணத்திற் கையொப்பமிட்டார். உலகெங்கும் பரவிய அந்தப் புகைப்படத்தில், அமர்ந்திருக்கும் இரு தளபதிகளுக்குப் பின்னால் வெண்ணிறச் சீருடையுடன் நிற்பவர் கிருஷ்ணன். ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளாயினர்.

அதே நாளில், அந்தப் புகைப்படத்தில் இடம்பெறாத இன்னொரு நிகழ்வும் நடந்தது. கிழக்குப் பாகிஸ்தானின் கடற்படைத் தளபதி ரியர் அட்மிரல் முஹம்மத் ஷரீப் தமது கைத்துப்பாக்கியைக் கிருஷ்ணனிடம் ஒப்படைத்தார். இருவரும் ஒரே றோயல் இந்தியக் கடற்படையிற் கடலைக் கற்றவர்கள். உலகப் போரில் ஒரே கொடியின் கீழ்ப் பணியாற்றியவர்கள். ஷரீப் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியானவர். சிறையிலிருந்து மீண்ட பின்னர் அவர் பாகிஸ்தான் கடற்படையின் தலைவராகவும் முப்படைகளின் கூட்டுக் குழுத் தலைவராகவும் உயர்ந்தார். 2020ஆம் ஆண்டிற் காலமானார். தோற்றவரென்று அவரது நாடு அவரைத் தள்ளிவிடவில்லை.

ஒரு தொழிலை ஒன்றாகக் கற்றவர்கள் எதிரெதிரே நிறுத்தப்படும் துயரம் எமக்குப் புதிதன்று. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் படகுகளிற் கற்பிட்டிக் கரைக்குச் சென்றபோது, அதுவரை ஒரே கடலில் வலை வீசிய அயலவர் பிரிக்கப்பட்டனர். மீண்டு வந்தவர்களின் வாழ்வு இன்னும் முழுமையாகச் சீராகவில்லை. டாக்காவில் அன்று கைமாறிய துப்பாக்கியை வெற்றியின் சின்னமாக மட்டும் பார்ப்பது எம்மவர்க்கு இயலாத காரியம்.

கிருஷ்ணனுக்கு 1972இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. அந்தப் போரைப் பற்றி அவர் எழுதிய நூல், சரணடைவதைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 1980இல் வெளிவந்தது. அவரது தன்வரலாறு அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின்னரே நூலுருப் பெற்றது.

விருதும் புகழும் பெற்ற ஒரு படைத் தளபதி ஓய்வின் பின் அரசியலுக்குச் செல்வதும், அயல் நாட்டுத் தூதராவதும், பழங்கதை பேசி இளைப்பாறுவதும் வழமை. கிருஷ்ணன் தேர்ந்துகொண்டதோ கொச்சிக் கப்பல் கட்டும் தளம். இத்தெரிவை விளங்கிக்கொள்ள விக்ராந்தின் பிளவுபட்ட நீர்க் கலங்களை நினைத்தாற் போதும். ஒரு கலத்தை மாற்றுவதற்கு இன்னொரு நாட்டின் தயவை நாட வேண்டியிருந்த நிலையில், ஒரு முழுப் போரையும் தந்திரத்தால் நடத்தியவர் அவர். தந்திரம் ஒருமுறை பலிக்கலாம். மறுமுறையும் பலிக்குமென்று எந்த நாடும் இருந்துவிட முடியாது.

தென்னகத்தில் இந்த எண்ணம் புதியதும் அன்று. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கியபோது, ஹாஜி முஹம்மது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர் 8,000 பங்குகளை வாங்கி இரண்டு இலட்சம் ரூபாவை வழங்கினார். அந்தக் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே ஓடின. ஆனால் அவையும் ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்டவையே. கப்பலை உடைமையாக்குவது முதற்படி. கட்டுவது இரண்டாம் படி. அந்த இரண்டாம் படியில் 1941ஆம் ஆண்டு விசாகப்பட்டினத்தில் வால்சந்த் ஹிராசந்த் கால் வைத்தார். அங்கு கட்டப்பட்ட ஜல உஷா என்ற கப்பலைப் பிரதமர் நேரு 1948 மார்ச் மாதம் கடலில் இறக்கிவைத்தார். கிருஷ்ணனின் கட்டளைப் பீடம் இயங்கியது அதே நகரில் என்பது குறிப்பிடத்தக்கது. அட்மிரல் நந்தாவும் கடற்படைத் தலைவராவதற்கு முன்னர் பம்பாயின் மசகான் கப்பற்றளத்தை நடத்தியவர்.

கொச்சித் தளம் அப்பொழுது குழந்தைப் பருவத்தில் இருந்தது. 1972 ஏப்ரல் மாதம் பிரதமர் இந்திரா காந்தி அதற்கு அடிக்கல் நாட்டினார். ஜப்பானின் மிற்சுபிஷி நிறுவனம் தொழில்நுட்ப உதவி வழங்கியது. ஒரு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களையும் கட்டத்தக்க அளவில் அதன் உலர்துறை திட்டமிடப்பட்டது. திட்டம் பெரிது, அனுபவம் சிறிது. கப்பற்படையிற் கட்டளை பிறந்தவுடன் காரியம் நடக்கும். கப்பற்றளத்தில் அவ்வாறன்று. உருக்குத் தகடு வந்து சேர வேண்டும். அதை வெட்டவும் வளைக்கவும் ஒட்டவும் நூற்றுக்கணக்கான கைகள் பழக வேண்டும். தொழிற்சங்கங்களுடன் பேச வேண்டும். டில்லியில் அமைச்சின் கோப்புகள் நகர வேண்டும். எதிரியை ஏமாற்றலாம். ஒரு தகட்டின் தடிப்பை எவராலும் ஏமாற்ற இயலாது.

அத்தளத்தின் முதற் கப்பலான ராணி பத்மினி 75,000 தொன் சுமக்கும் சரக்குக் கப்பல். 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1981ஆம் ஆண்டிலேயே நிறைவெய்தியது. ஜப்பானியத் தளம் ஒன்று இதனினும் மிகக் குறைந்த காலத்திற் கட்டி முடித்திருக்கும் என்ற குறைகூறல் நியாயமானதே. ஆயினும் அந்த ஆண்டுகளிற் பழகிய கைகளே பின்னர் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம். ராணி பத்மினி உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட அடுத்த ஆண்டில், 1982இல், கிருஷ்ணன் காலமானார். அவருக்கு வயது அறுபத்திரண்டு.

அவர் காணாத இரண்டு செய்திகளைக் கூறாமல் இவ்வரலாற்றை முடிக்க இயலாது.

முதலாவது பலரும் அறிந்தது. அவர் அந்தமானில் மறைத்துவைத்த பழைய விக்ராந்த் 1997இல் ஓய்வுபெற்று, 2014இல் உடைக்கப்பட்டது. அதே பெயரில் ஏறத்தாழ 45,000 தொன் எடையுள்ள புதிய விமானந்தாங்கிக் கப்பல், இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு, இந்தியாவில் உருவாக்கிய உருக்கினால் கட்டப்பட்டு, 2022 செப்டெம்பர் 2ஆம் திகதி சேவையில் இணைந்தது. அது கட்டப்பட்ட இடம் கொச்சி. பெல்பாஸ்டிலிருந்து கொச்சிக்கு அந்தப் பெயர் வந்து சேர அறுபத்தொரு ஆண்டுகள் சென்றன.

இரண்டாவது செய்தி அதிகம் பேசப்படாதது. ஆனால் எம் கரைக்கு மிக நெருக்கமானது. மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அடித்தளத்தை வாரிச் செல்வதனால் எம் மீனவர்கள் படும் இழப்பைத் தனியே விளக்கத் தேவையில்லை. தோட்டவெளித் தமிழரின் வலையாயினும் எருக்கலம்பிட்டி முஸ்லிமின் வலையாயினும் இழுவை மடி வேறுபாடு பார்ப்பதில்லை. இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தாற் தடை செய்தது. அதே ஆண்டு, தமிழ்நாட்டின் பாக்கு நீரிணைக் கரையிலுள்ள 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடற் சூரை மீன்பிடிப் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. ஒரு படகின் மதிப்பு 80 இலட்சம் இந்திய ரூபா. அதில் எழுபது வீதத்தை மத்திய, மாநில அரசுகள் மானியமாக ஏற்றன. அப்படகுகளைக் கட்டிக் கொடுக்க முன்வந்த தளங்களுள் ஒன்று, விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய அதே கொச்சித் தளம்.

இலக்கிடப்பட்ட 2,000 படகுகளில் மிகச் சிறு பகுதியே இதுவரை கடலில் இறங்கியுள்ளது. கடன் சுமை, ஆழ்கடலில் நீண்ட நாட்கள் தங்கும் பழக்கமின்மை, எரிபொருட் செலவு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அக்காரணங்களில் உண்மையுண்டு. ஆயினும் எமக்கும் அக்கரையினர்க்கும் இடையிலுள்ள சச்சரவுக்குக் கைது, பறிமுதல், ஆர்ப்பாட்டம் என்பவற்றிற்கு அப்பால் ஒரு தீர்வு உண்டென்றால், அது இவ்வாறான கட்டுந் தளங்களிலிருந்தே வர வேண்டும். மீனவர் கையில் எத்தகைய படகு இருக்கின்றதோ, அதுவே அவர் எந்தக் கடலுக்குச் செல்வார் என்பதைத் தீர்மானிக்கின்றது.

எமது நாட்டிற்கும் இதிற் பாடமுண்டு. 1974இற் தொடங்கப்பட்ட கொழும்புக் கப்பற்றளம் இலட்சத்தீவுகளுக்கான பயணிகள் கப்பல்களைக் கட்டி இந்தியாவுக்கே வழங்கிய பெருமை உடையது. ஜப்பானியப் பங்காளர் விலக முன்வந்தபோது, அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கப்போவதாக 2025 ஜூன் மாதம் மசகான் நிறுவனம் அறிவித்தது. வடக்கிலோ, ஒருகாலத்தில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம்வரை சென்றது. அந்தக் கைவினை இன்று நினைவில் மட்டுமே உள்ளது. மன்னாரின் இளைஞர்களுக்குப் படகு ஓட்டக் கற்றுக்கொடுக்க எவரும் தேவையில்லை. படகு கட்டவும் இயந்திரம் சீராக்கவும் முறையாகக் கற்கும் ஒரு நிலையம் இத்தீவில் அமைந்தால், அது இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பட்டறையில் நின்று தொழில் பழகும் இடமாகவும் அமையும்.

கிருஷ்ணனின் வாழ்வில் நாகர்கோவிலும் பாரசீக வளைகுடாவும் டையூவும் டாக்காவும் உண்டு. மரக்கறிக் கணக்கால் ஒரு நீர்மூழ்கியை ஏமாற்றிய கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் காஸி இன்றும் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் 93 உயிர்களின் கல்லறையாகக் கடலடியிற் கிடக்கின்றது. கொச்சியில் உருக்குத் தகடுகளை ஒட்டும் தீப்பொறி இன்றும் பறந்துகொண்டிருக்கின்றது. பதின்மூன்று நாட் போருக்காக அவரை நினைப்பவர்கள், அதன்பின் அவர் தேர்ந்துகொண்ட தொழிலுக்காகவும் நினைப்பார்களாயின், அதுவே அவருக்குச் செய்யும் சரியான மரியாதையாக இருக்கும்.